சுவரில் மாட்டிய கட்டிலோர டிராயர் பெட்டி பூச்சோடு பெயர்ந்துவிட்டது, திரும்ப எப்படி மாட்டுவது?

லாஸ்பேட்டைவாசி:
வணக்கம். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கால் இல்லாத டிராயர் பெட்டிகள் போன வருடம் மாட்டினோம், ஒன்றரை அடி அகலம், சுவரிலிருந்து ஒரு அடி நீட்டம். ஞாயிற்றுக்கிழமை என் பெண் ஒன்றில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், பெட்டி அப்படியே பூச்சோடு பெயர்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, அடி எதுவும் இல்லை. கார்பெண்டர் போட்டிருந்தது நான்கே ஸ்க்ரூ, ஒன்றரை அங்குலம், அதுவும் துரு ஏறிக் கிடக்கிறது. நான்குக்குப் பதில் எட்டாகப் போட்டால் தாங்குமா? கட்டிலையே கால் தெரியாமல் மிதக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று வீட்டில் ஆசை வேறு.

முதுநகர் மரவேலை:
எட்டு போட்டாலும் இதே கதைதான் சார். கணக்கு பாருங்கள்: ஒன்றரை அங்குலம் என்றால் 38 மி.மீ., அதில் ப்ளைவுட்டுக்கு 18 போச்சு, பூச்சுக்கு 15 போச்சு, செங்கலுக்குள் நின்றது வெறும் 5 மி.மீ. இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது பூச்சுதான்!

இன்னொன்று, எடை கீழே மட்டும் இழுப்பதில்லை. பெட்டியின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொண்டு மேல் ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும். 25 கிலோ குழந்தை 30 செ.மீ. தள்ளி முன் ஓரத்தில் உட்கார்ந்து, மேல் ஸ்க்ரூ கீழ் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தால், பிடுங்கும் இழுப்பு 75 கிலோ. அதே ஸ்க்ரூவை 20 செ.மீ. உயரத்தில் அடித்தால் பாதியாகிவிடும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஸ்க்ரூவை மேலே ஏற்றுங்கள், ஆழமாக இறக்குங்கள்.

நான் செய்வது, ஒரு ரீப்பரை, அதாவது நீளமான மரச் சட்டத்தை, நீளவாக்கில் 45 டிகிரி சரிவாக இரண்டாக அறுத்து, ஒரு பாதியை சரிவு சுவர்ப் பக்கம் இறங்கும்படி சுவரிலும் மறு பாதியைத் தலைகீழாகப் பெட்டியின் பின்புறம் மேலேயும் அடித்து, பெட்டியைத் தூக்கி மாட்டிவிடுவேன், எடை ஏறினால் சுவரோடு இன்னும் ஒட்டும். சுவரில் அடிக்க 10 மி.மீ. நைலான் பிளக் (ஓட்டைக்குள் வைத்து ஸ்க்ரூ ஏறியதும் விரிந்து பிடிக்கிற குழாய்), 4 அங்குல ஸ்க்ரூ. பிளக் முழுசும் பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும், ஓட்டையில் உள்ள தூளை ஊதி எடுத்துவிட்டுப் போடுங்கள். நாலரை அங்குலச் சுவர் என்றால் டிரில் பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அறையில் எட்டிப் பார்க்கும்.

புதுச்சேரிக்காரன்:
அண்ணன் சொன்னது செங்கல் சுவருக்கு. முதலில் உங்கள் சுவர் என்ன சுவர் என்று பாருங்கள். டிரில் போடும்போது தூளின் நிறமே சொல்லிவிடும்: சிவப்பு வந்தால் செங்கல், சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் கான்கிரீட், வெள்ளையாகப் பிட் வெண்ணெயில் போவது போலப் போனால் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்), அதற்கு அதற்கென்றே விற்கும் பிளக்தான் வாங்க வேண்டும். புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கத்துப் பழைய வீடு என்றால் சுண்ணாம்புக் காரை, டிரில்லில் இடித்துத் துளைக்கிற ஹேமர் மோடை நிறுத்திவிட்டுத்தான் துளை போடுவேன். இரும்பு ஆங்கர் போல்ட்டைச் செங்கலில் முறுக்காதீர்கள், விரிந்து கல்லையே பிளந்துவிடும்.

துருவுக்குக் காரணம் நம் உப்புக்காற்றுதான், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்கிவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் டிரில்லே வேண்டாம், ஒயர் ஓடும்.

மஞ்சக்குப்பம்:
கட்டிலைச் சுவரில் தொங்கவிடும் ஆசையை மட்டும் விடுங்கள் ப்ரோ. மிதக்கும் கட்டில் என்று கடையில் காட்டுவதில் பெரும்பாலும் உள்ளே தள்ளி ஒரு அடிப்பெட்டி நிற்கும், ஓரத்திலிருந்து ஒரு அடி உள்ளே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எடை முழுக்கத் தரைக்குப் போகும், தலைப்பலகையை மட்டும் சுவரில் அடித்தால் போதும்.

லாஸ்பேட்டைவாசி:
டிரில் போட்டுப் பார்த்தேன், முதலில் சாம்பல், அப்புறம் சிவப்பு. செங்கல்தான். நாளைக்கு ரீப்பர் அறுக்கக் கொடுக்கிறேன். இன்னொரு பக்கத்துப் பெட்டியையும் கழற்றினேன், நான்கில் இரண்டு ஸ்க்ரூ கையோடு வந்தது.