கல்லணையில் காவிரி ஏன் கறுப்பாக வரவில்லை? 720 ஃபில்டர் போலியா?

டெல்டாக்காரன்:
வணக்கம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றில் சென்சாருக்கு முன்னால் இன்ஃப்ராரெட்டை (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை) தடுக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, இன்ஃப்ராரெட் படத்துக்காக மாற்றி வைத்திருக்கிறேன். லென்ஸில் 720 நானோமீட்டர் ஃபில்டர் (ஏறக்குறைய அந்த அலைநீளத்துக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடுவது), ஆன்லைனில் மலிவாக வாங்கியது. எங்கள் தெருக் கோயில் குளத்தை எடுத்தால் தார் ஊற்றியதுபோல் அட்டக்கறுப்பு. கரையில் வேப்பமரம் பஞ்சு வெடித்த மாதிரி வெள்ளை. அசந்துபோய்விட்டேன்.

அந்த ஆசையில் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கல்லணைக்குப் போனேன். மதகு தாண்டி வரும் தண்ணீர் முழுக்க சிமெண்ட் கரைத்த மாதிரி வெளிர் சாம்பல். வானம் கறுத்திருக்கிறது, மரமும் வெள்ளைதான். தண்ணீர் மட்டும் சொதப்பல். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரையும் மாட்டிச் சுற்றோ சுற்று என்று சுற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. ஃபில்டர் போலியா?

படித்துறை:
தம்பி, ஃபில்டரைத் திட்டாதீர்கள். குளத்தைக் கறுப்பாகக் காட்டியதும் அதே ஃபில்டர்தானே?

தண்ணீர் அகச்சிவப்பைக் குடித்துவிடும். பச்சை ஒளி தெளிந்த நீரில் பல மீட்டர் போகும். 850 நானோமீட்டர் ஒளி ஒரு மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மழை நின்று தெளிந்த ஒரு குளத்தில் படிக்கட்டை எடுத்திருக்கிறேன். கண்ணுக்கு ஐந்து படி தெரிந்தது. படத்தில் நீருக்கடியில் முதல் படி சாம்பல், இரண்டாவது நிழல் மாதிரி, மூன்றாவது இல்லவே இல்லை.

ஆனால் அது தெளிந்த நீரின் கதை. ஆடியில் வருவது புதுப்புனல், வண்டல் கலங்கிய செந்நீர். ஒளி உள்ளே போய்க் கரைவதற்கு முன்பே, மேலே இரண்டு மூன்று விரற்கடைக்குள் மண் துகள் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மதகில் நுரை வேறு. நீங்கள் எடுத்தது தண்ணீரை அல்ல, மண்ணை! தை மாதம் தெளிந்து ஓடும்போது அதே இடத்தில் நின்று எடுங்கள்.

இன்னொன்று, எங்கே நின்றீர்கள்? பாலத்திலிருந்து கீழே நேராகப் பார்த்தால் தண்ணீர் மேற்பரப்பு 2 சதவீத ஒளியைத்தான் பிரதிபலிக்கும். கரையில் குந்திக்கொண்டு ஓரமாகப் பார்த்தால், செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்வில், மூன்றில் ஒரு பங்கு வரும். நீல வானம் அகச்சிவப்பில் இருட்டு, அதனால் அதன் பிரதிபலிப்பும் இருட்டு. மேகம் இருந்தால் அத்தனையும் வெள்ளையாகத் தண்ணீரில் வந்து உட்காரும்.

போலரைசர் விஷயம்: சாதாரண போலரைசர் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தது. 800 தாண்டினால் பெரும்பாலும் வெறும் கண்ணாடிதான். பையிலேயே இருக்கட்டும்.

ரிமோட்:
சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சோதனை. வெள்ளை எல்இடி டார்ச்சை ஃபில்டருக்குப் பின்னால் பிடியுங்கள். அதில் அகச்சிவப்பு ஏறக்குறைய கிடையாது, நல்ல ஃபில்டர் என்றால் மிஞ்சினால் மங்கலான சிவப்புப் புள்ளிதான் தெரியும். அடுத்து டிவி ரிமோட்டை அழுத்தி, ஃபில்டர் வழியாகக் கேமராவில் பாருங்கள், பளிச்சென்று எரிய வேண்டும். சூரியனை மட்டும் அதன் வழியாகக் கண்ணால் பார்த்துவிடாதீர்கள். இருட்டாகத் தெரிவதால் கண்மணி சுருங்காது, அகச்சிவப்பு அத்தனையும் உள்ளே போகும்.

மேலிருந்து:
சேட்டிலைட் படம் பார்த்தே சோறு தின்கிறவன் நான். எங்களுக்கும் இதே தலைவலிதான். படத்தில் பச்சை ஒளியின் அளவையும் இன்ஃப்ராரெட்டின் அளவையும் வைத்து நீரைப் பிரிக்கும் குறியீடு ஒன்று 1996 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கலங்கல் வெள்ளம் வந்தால் அது தடுமாறும். அப்போது 1600 நானோமீட்டர் பக்கம் போய்விடுவோம், அங்கே சேற்றுத் தண்ணீர்கூடக் கறுப்புதான். உங்கள் கேமராவின் சிலிக்கான் சென்சார் 1100க்கு மேல் குருடு, அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆகாயத்தாமரை மூடிய ஏரியை எடுத்துப் பாருங்கள், உங்கள் வேப்பமரம் போலவே இலையெல்லாம் வெளுத்து, தண்ணீர் முழுக்க வெண்மணல் கொட்டியது போல இருக்கும்.

டெல்டாக்காரன்:
டார்ச், ரிமோட் இரண்டிலும் ஃபில்டர் தேறிவிட்டது. கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் வாளி எடுத்து, ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, அடியில் ஆளுக்கொரு பீங்கான் தட்டு போட்டேன். போர் தண்ணீரில் தட்டு கண்ணுக்குப் பளிச், 720இல் சாம்பல், நண்பரிடம் வாங்கிய 850 ஃபில்டர் போட்டால் விளிம்பு மட்டும் லேசாக. ஆற்று வாளியில் தட்டு எதிலும் தெரியவில்லை, ஆனால் தண்ணீரே பால் தேநீர் மாதிரி வெளுத்து நிற்கிறது. ராத்திரி முழுக்க அசையாமல் வைத்திருந்தேன். காலையில் வண்டல் அடியில் படிந்து, ஆற்று வாளியும் பாதி கறுத்துவிட்டது.

வாளி இரண்டையும் எப்போது காலி செய்வேன் என்று அம்மா கேட்கிறார். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.