ஹம்பருக்குப் புதுப் பெயின்ட்: செஞ்சது சரியா?

இரட்டைஃபோர்க்: "துருப்பிடிச்ச சைக்கிளை அப்படியே வெச்சிருக்கிறவன் சோம்பேறி"ன்னு நேத்து ஒருத்தர் எழுதி, தன் பழைய இங்கிலாந்து சைக்கிள் ஹம்பரோட படத்தையும் போட்டிருந்தார். மணல் அடிச்சு, பவுடர் கோட்டிங் போட்டு, பளபளன்னு நிக்குது. வயிறு எரியுது. முன்னாடி அதுல இருந்தது சூளையில் சுட்டு ஏத்தின கறுப்பு எனாமல். மட்கார்டுல இருந்த தங்கக்கோடு கையால இழுத்தது. பின்சக்கரத்து நடுவுல இருக்கிற ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புல 52ன்னு தெளிவா குத்தியிருக்கு. 1952 பெயின்ட்டைச் சுரண்டி எறிஞ்சுட்டீங்களே!

கோவைமெக்கானிக்: அதை எழுதினது நான்தான், அது என் ஹம்பர்தான். ஹப்புல 52 இருந்தா ஹப்புதான் 1952. எவனோ எப்பவோ பின்சக்கரத்தை மாத்தியிருந்தா? ஹப்பு பெயின்ட்டுக்குச் சாட்சி சொல்லுமா? உப்புத்தாள் போட்டதும் மேலே கறுப்பு, நடுவுல பச்சை, அடியில மறுபடி கறுப்பு வந்துச்சு. இதுல எது உங்க ஒரிஜினல்?

இரட்டைஃபோர்க்: அடியில இருந்ததுதான்! நீங்களே ஒப்புக்கிட்டீங்க. மேலே இருந்தது கடைப் பெயின்ட், இளகும். கீழே இருந்தது சுட்ட எனாமல், இறுகி நிக்கும். பொறுமையா மேல்பூச்சை மட்டும் எடுத்திருந்தா அந்தக் கறுப்பு வெளியே வந்திருக்கும். 52 சார், 52.

அம்பத்தூர்வாசி: ஹம்பர், ஹம்பர்னு ஏன் இந்த ஆட்டம்? 1932லயே இன்னொரு இங்கிலாந்து சைக்கிள் கம்பெனியான ராலே கைக்குப் போன கம்பெனி. எங்க ஊர் டிஐ கம்பெனி செஞ்ச ஹெர்குலிஸ் சைக்கிள்ல அரிசி மூட்டை ஏத்தியிருக்கோம். அதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க.

இரட்டைஃபோர்க்: ராலே வாங்கின பிறகும் ஹம்பருக்கு முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கு ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயா இருந்துச்சு. உங்க ஹெர்குலிஸுல இருந்துச்சா? மூட்டை ஏத்தத் தனி இழை போடுங்க.

அம்பத்தூர்வாசி: பேர்லயே ஃபோர்க்கை வெச்சுக்கிட்டவர்கிட்ட நியாயம் கேட்டது என் தப்பு.

பழையபெடல்: நான் மெக்கானிக் பக்கம். கீழ்க்குழாய்ல துரு ஓட்டை போட்டிருந்தா என்ன செய்யறது? பெயின்ட்டைக் கும்பிட்டுக்கிட்டே ஓட்டினா ஃபிரேம் ஒடியும். சைக்கிள் ஓட்டத்தான்.

இரட்டைஃபோர்க்: ஓட்டை விழுந்த ஃபிரேமைப் பத்தியா பேசினேன்? படத்தைப் பாருங்க, மேலோட்டமான துரு. ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணியில கலந்து, கையுறை போட்டு, ஒரு ஓரத்துல சோதிச்சுப் பார்த்துத் துடைச்சா போயிடும். அப்புறம் மெழுகு. இவர் பவுடரை அப்பி, குழாய்கள் சேர்ற இணைப்பான லக் விளிம்பையே மொழுக்கிட்டார். சீட் லக்ல குத்தின ஃபிரேம் எண்ணை இப்போ நகத்தால தடவிப் பார்த்தாக்கூடத் தெரியாது. அந்த எண்ணோட 52ஐ ஒப்பிட்டிருக்கலாம்.

கோவைமெக்கானிக்: எண்ணைப் படம் எடுத்து வெச்சிருக்கேன். உங்களுக்குக் காட்டணும்னு அவசியமில்ல. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன்கிட்ட போக இருந்த வண்டி இது. காப்பாத்தினவன் நான், புத்தி சொல்றவர் நீங்க.

இரட்டைஃபோர்க்: காப்பாத்தினதா? தோலை உரிச்சுட்டு உயிர் கொடுத்தேன்னு சொல்றீங்க. தங்கக்கோட்டுக்குப் பதிலா மஞ்சள் ஸ்டிக்கர் வேற! கையால இழுத்த கோடு ஒரு இடத்துல தடிச்சு ஒரு இடத்துல மெலிஞ்சு ஓடும். உங்களுது அளவுகோல் வெச்ச மாதிரி. எண் படத்தைப் போடுங்க, 52ஆ இல்லையான்னு இப்பவே பார்த்துடலாம்.

கோவைமெக்கானிக்: போட மாட்டேன். கோடு இழுக்கிற பெயின்டர் உங்க ஊர்ல இருந்தா அனுப்புங்க, கூலி நான் தரேன்.

பழையபெடல்: இரட்டைஃபோர்க் சார், மத்தவங்க வண்டிக்கு இவ்வளவு அக்கறை. என்கிட்ட வாங்கின ப்ரூக்ஸ் சீட்டுக்குப் பாதிப் பணம்தானே வந்திருக்கு?

இரட்டைஃபோர்க்: அந்தத் தோல் சீட்டு வெடிச்சிருந்ததை மறைச்சு வித்தது யாரு? அதுவும் கறுப்பு ஷூ பாலிஷ் தேய்ச்சு!

பழையபெடல்: தேன்நிறமா இருந்தா வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. மிச்சத்தை அனுப்புங்க, பேசலாம்.