ஜனவரி 26: பக்கத்து வீட்டு பார்பிக்யூவா, பேரணியா?

நெல்லைக்காரன் கேட்டது:

மெல்பர்ன் வந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது லீவு என்பதால் ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஜனவரி 26 இங்கே தேசிய தினம். நேற்று தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டே, கூட வேலை பார்க்கும் பையனிடம் "ஹேப்பி ஆஸ்திரேலியா டே, எங்களுக்கும் 26தான் குடியரசு தினம்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். எனக்கு அந்த நாள் என்றால் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்ததுதான் ஞாபகம். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் கொண்டாட மாட்டோம், பாட்டி காலையிலேயே கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வார்" என்றான். ஷெப்பர்ட்டன் ஊர்ப் பக்கத்து யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடிக் குடும்பம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோபப்படவில்லை, ஆனால் ஷிப்ட் முடியும்வரை பேசவும் இல்லை. இரவு முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

இன்னொரு பக்கம், பக்கத்து வீட்டுத் தாத்தா 26ஆம் தேதி பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். தபால் பெட்டியில் கொடி செருகியாயிற்று, எனக்கும் ஒரு கொடித் தொப்பி வாங்கி வைத்திருக்கிறாராம். ஜூலைக் குளிரில் வந்து இறங்கியபோது கேட்காமலே ஹீட்டரும் கம்பளியும் கொண்டுவந்து கொடுத்த மனுஷர். எப்படி வரமாட்டேன் என்பது? அந்த நாளை எதிர்த்துப் பூர்வகுடியினர் நடத்தும் பேரணிக்குப் போனால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்கிறான் ரூம்மேட். நான் என்ன செய்யட்டும்?

யாரா ஆற்றங்கரை:

தம்பி, முதலில் அந்தப் பையனிடம் "தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று சொல்லிவிடு. நீளமாக விளக்கம் வேண்டாம்.

விஷயம் இதுதான். 1788 ஜனவரி 26 அன்று ஆர்தர் பிலிப் பதினொரு கப்பல்களில் கைதிகளையும் சிப்பாய்களையும் கொண்டுவந்து, சிட்னியில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது 1901 ஜனவரி 1ஆம் தேதி, அதற்கும் 26க்கும் சம்பந்தமில்லை. நம்முடைய 26ஐ வைத்து இதைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் தலைகீழாகிவிடும், நமக்கு அது பிரிட்டிஷ்காரன் போன பிறகு வந்த நாள், அவர்களுக்கு அவன் வந்து இறங்கிய நாள். அப்புறம் நிலம் போனது, அம்மை வந்தது, கொலைகள் நடந்தன, பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். பூர்வகுடிகளுக்கும் நிலத்தில் உரிமை உண்டு என்று உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவே 1992இல் மாபோ வழக்குத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது.

எதிர்ப்பு நேற்று முளைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1938இல் 150ஆம் ஆண்டு விழா நடந்த அதே நாளில் சிட்னியில் பூர்வகுடியினர் கூடித் துக்க நாள் அனுசரித்தார்கள். அதற்கு முன்னின்றவர்களில் வில்லியம் கூப்பர் உன் நண்பனைப் போலவே யோர்ட்டா யோர்ட்டாக்காரர். தங்கள் மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு இடம் கேட்டு இங்கிலாந்து மன்னருக்கு அவர் கையெழுத்து வாங்கிய மனுவை அரசாங்கம் அனுப்பவே இல்லை. இத்தனைக்கும் எல்லா மாநிலங்களும் 26ஆம் தேதியன்றே விடுமுறை விடத் தொடங்கியது 1994இல்தான்.

அமைதியான பேரணியில் நடந்தால் மாணவர் விசா போகாது. போலீஸ் சொல்வதைக் கேட்டு நட. ஸ்பிரிங் தெருவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் கூடுவார்கள். வெயில் கொளுத்தும், தண்ணீர் எடுத்துப் போ. பூர்வகுடியினர் முன்னால் நடக்கட்டும், நீ பின்னால் நட.

செடி வளர்ப்பவர்:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எனக்குக் குடியுரிமை கிடைத்ததே ஒரு ஜனவரி 26இல்தான். ஒன்பது வருடம் டாக்ஸி ஓட்டி, ஆங்கிலத் தேர்வு மூன்று தடவை எழுதி, அன்றைக்கு மேயர் கையில் சான்றிதழோடு ஒரு சின்னச் செடியும் வாங்கினேன், அது இன்று வாசலில் என் உயரத்துக்கு நிற்கிறது. விழா தொடங்கும் முன் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் யூகலிப்டஸ் தழையைக் கொளுத்திப் புகை போட்டு எங்களை வரவேற்றார், அந்த வாசனை சட்டையில் இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கு நான் அழுதது பொய்யில்லை. தேதியை மாற்றினால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதுவரை அந்த நாளில் சந்தோஷப்படுகிறவர்களை எல்லாம் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. தாத்தா வீட்டுக்குப் போ, சாப்பிடு.

வன்னிமகள்:

தம்பி, நான் முல்லைத்தீவு. எங்கட பக்கம் பெப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம், கரிநாள். கொழும்பில் அணிவகுப்பு நடக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் கறுப்புக்கொடி ஏற்றுவார்கள். 2016இல் அந்த விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினபோது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பி நின்று அழுதா, 2020இல் அதை நிறுத்திப்போட்டார்கள். கொழும்பில் கூடப் படித்த ஒரு நல்ல பிள்ளை என்னிடம் "நீங்களும் சேர்ந்து கொண்டாடலாமே" என்று கேட்டவ. வில்லங்கத்துக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி இன்றைக்கும் நோகுது. அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பையனிடம் "நான் உன்னோடு வரலாமா" என்று கேளுங்கோ, அவன் சொல்வதுதான் முடிவு. தாத்தாவிடம் பொய் சொல்லி ஒளிக்காதேங்கோ. தொப்பி மட்டும் போடாதேங்கோ.

மதுரைவாசி:

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1947 ஆகஸ்ட் 15ஐ பெரியார் துக்க நாள் என்றார், அண்ணா மகிழ்ச்சிக்குரிய நாள் என்றார், இருவரும் அன்றைக்கு ஒரே இயக்கம். 1965இல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து அதே ஜனவரி 26ஐத் திமுக துக்க நாள் என்று அறிவித்தது. என் அப்பா அப்போது மதுரையில் கல்லூரி மாணவர், 25ஆம் தேதியே ஊர்வலம் கிளம்பிவிட்டார்கள். கடைசிவரை அவர் குடியரசு தினத்தன்று கொடிக்கு வணக்கமும் வைப்பார், அந்த ஊர்வலத்தைப் பற்றியும் பேசுவார். இதையும் அந்தப் பையனிடம் சொல், ஆனால் முதலில் அவன் பாட்டி கதையைக் கேட்டுவிட்டுச் சொல்.

நெல்லைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று அவனிடம் பேசிவிட்டேன். "தெரியாதவன்தானே, விடு" என்றான், பாட்டியும் ரயிலில் வருகிறாராம், அவருக்கு மடக்கு நாற்காலி தூக்க ஆள் வேண்டுமாம், என்னை வரச் சொன்னான். அப்புறம் தாத்தாவிடம் போய், காலையில் பேரணிக்குப் போகிறேன், சாயங்காலம் வருகிறேன், தொப்பி மட்டும் வேண்டாம் என்று உள்ளதைச் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி, பசியோடு வா" என்றார்.