ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷாவைக் குடும்பத்தலைவராக நினைவுகூர்வது எப்படி?

கேள்வி – கோத்தகிரி ஆசிரியர்:

வணக்கம். ஜூன் 27 ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷாவின் நினைவு நாள். எங்கள் பள்ளியின் தேசிய மாணவர் படையினரிடம் அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவர் இராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தபோது, 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த 13 நாள் போரில் டாக்கா வீழ்ந்ததையும், ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டதையும் பிள்ளைகள் அறிவார்கள். 1973இல் பணியிலிருந்து விலகிய பின் நம் குன்னூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2008இல் தமது 94ஆம் வயதில் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் கண்மூடியவரைக் கணவராகவும் தந்தையாகவும் எப்படிச் சொல்வது? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1 – பழைய குன்னூர்வாசி:

தந்தையிடமிருந்து தொடங்குங்கள் ஐயா. அமிர்தசரஸில் மருத்துவராக இருந்தவர் ஹோர்முஸ்ஜி. தாமும் மருத்துவம் படிக்க இங்கிலாந்து செல்ல வேண்டும் என்று மகன் கேட்டபோது, தனியே அனுப்பும் வயது ஆகவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் சாம் இராணுவ அகாடமித் தேர்வை எழுதி, 1932இல் டேராடூனில் சேர்ந்த முதல் அணியில் ஒருவரானார். வீட்டில் வெடித்த சிறு பிணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

லாகூரில் ஒரு விருந்தில் சந்தித்த சில்லூ போடேயை அவர் 1939 ஏப்ரலில் மணந்தார். ஷெர்ரி, மாயா என்று இரு பெண்கள். குன்னூர் வீட்டுக்கு 'ஸ்தாவ்கா' என்று பெயர். ரஷ்ய மொழியில் அது போர்த் தலைமையகத்தைக் குறிக்கும் சொல். ஆனால் அந்தத் தலைமையகத்தில் அவர் பெரும்பொழுதைத் தோட்டத்தில்தான் கழித்தார்.

பதில் 2 – ஓய்வுபெற்ற சுபேதார்:

போரைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் பிரித்துப் பேச வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சித்தாங் ஆற்றருகே கேப்டன் மானெக்ஷா வயிற்றிலும் மார்பிலும் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து விழுந்தபோது, அவருக்குத் திருமணமாகி மூன்றாண்டுகள் நிறைந்திருக்கவில்லை; மூத்த பெண்ணுக்கு இரண்டு வயது. இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்னும் வீர விருதை வழங்கும் வழக்கம் அன்று இல்லாததால், பிழைக்கமாட்டார் என்றெண்ணிய ஜெனரல் கோவன் தம் மார்பிலிருந்த அதே விருதின் பட்டியை எடுத்து அவருக்குக் குத்திவிட்டார் என்பது எல்லாரும் சொல்லும் செய்தி. அவரைச் சுமந்துவந்த ஏவலர் மருத்துவரிடம் மன்றாடியிராவிட்டால், ஊரில் காத்திருந்த மனைவியும் குழந்தையும் என்ன ஆகியிருப்பார்கள்? படைவீரன் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி புரியும்.

இன்னொன்று. ஃபீல்டு மார்ஷல் பதவிக்கு ஓய்வே கிடையாது. விதிப்படி ஆயுள் முழுவதும் முழுச் சம்பளம் உண்டு. அவருக்கோ அதன் நிலுவை 2007இல்தான் வந்து சேர்ந்தது. என் ஓய்வூதியத் திருத்தத்துக்காக ஓர் அலுவலகத்தின் வாசலில் நான்கு முறை நின்றவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதில் 3 – நூலகர்:

துணுக்குக் கதைகளில் கவனம் தேவை. சித்தாங்கில் பாய்ந்த குண்டுகள் ஏழு என்பவரும் உண்டு, ஒன்பது என்பவரும் உண்டு. எண்ணைச் சொல்லாமலே விடலாம். பின்னாளில் பாகிஸ்தானின் அதிபரான யாஹியா கான் அவரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டுப் பணம் தரவில்லை என்பது சுவையான கதைதான், ஆயினும் உங்களுக்கு இருப்பது பத்தே நிமிடம்.

இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை என்ற மனக்குறை இன்றும் பேசப்படுகிறது. அது உண்மையே. என்றாலும் நீங்கள் கேட்ட பொருளுக்கு அதைவிட நெருக்கமானது அவர் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது. 2001இல் மறைந்த சில்லூவின் கல்லறையை அடுத்து, உதகை பார்சி மயானத்தில் இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பார்சி; பார்சிகளின் தக்மா (இறந்தவர் உடலைப் பறவைகளுக்கு விடும் கோபுரம்) இல்லாத ஊர்களில் உடலை மண்ணில் இடுவதே அவர்கள் வழக்கம் என்பதையும் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. 1942இல் காத்திருந்த இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தொடங்குவதாக முடிவு செய்துவிட்டேன். சுபேதார் ஐயா, சம்பள நிலுவைச் செய்தியையும் சேர்க்கிறேன். ஒரு சிறு ஐயம்: மயானத்துக்குள் மாணவர்களை அழைத்துச் செல்வதானால் யாரிடம் முன்அனுமதி பெற வேண்டும்? உதகையில் இருப்பவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.