லுபுண்டு பீட்டாவைச் சோதிக்கப் பழைய கணினிகள் தேவை

வணக்கம் நண்பர்களே. குறைந்த திறனுள்ள கணினிகளிலும் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான லுபுண்டுவின் அடுத்த பதிப்புக்கான பீட்டாவை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை) சோதித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. அதுவும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்குவது. ஆனால் இந்த இயங்குதளத்தை நாடி வருபவர்களில் பலர் பயாஸ் என்ற பழைய முறையில் தொடங்கும் கணினி வைத்திருப்பவர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

4 ஜிபி அல்லது அதற்கும் குறைந்த ரேம் உள்ள, 64 பிட் கணினி யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? (லுபுண்டு 19.04 முதல் 32 பிட் பதிப்பு வருவதில்லை.) பென் டிரைவில் ஐஎஸ்ஓவை (இயங்குதளத்தின் நிறுவல் கோப்பை) எழுதி, நிறுவாமலே இயக்கிப் பார்த்தால்கூடப் போதும். வைஃபை இணைகிறதா, டச்பேட் ஒழுங்காக நகர்கிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்று பாருங்கள். மெய்நிகர் கணினியில் இவற்றைச் சோதிக்கவே முடியாது. அங்கே எல்லாம் நன்றாக ஓடும், உண்மையான வன்பொருளில்தான் சிக்கல் வெளிப்படும்.

நிறுவிப் பார்க்கத் துணிபவர்கள் காலமாரஸ் என்ற நிறுவல் மென்பொருளில் வட்டைக் கையால் பிரிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வெற்று வட்டாக இருக்கட்டும். முக்கியமான கோப்புகள் உள்ள கணினியில் தயவுசெய்து வேண்டாம். லுபுண்டுவின் திரை இடைமுகமான எல்எக்ஸ்க்யூடியின் மெனுக்களில் தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா, எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவி மூலம் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். இதை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

பிழை கண்டால் கணினியின் மாடல், வைஃபை சிப், பிழை தோன்றிய படிகள் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். பிழைகளைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் பதிவு செய்ய நான் உதவுகிறேன். எல்லாம் சரியாக இயங்கினாலும் சொல்லுங்கள், அதுவும் தேவையான தகவல்தான்.