வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குச் சைக்கிளில் போகிறவர்கள் யாராவது உண்டா?

லேத் பட்டறை:
கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை. வீடு வேளச்சேரியில். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் மூன்று மாதமாகச் சைக்கிளில் போய்வருகிறேன். ஆறேழு கிலோமீட்டர்தான், கால் வலிப்பதில்லை. சாலைதான் படுத்துகிறது.

இடது ஓரமாகப் போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஓரத்தில்தான் நிறுத்திய கார்கள், ஷேர் ஆட்டோக்கள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் வடிகால் மூடிகள், எல்லாம். போன வாரம் மழைத்தண்ணீருக்கு அடியில் ஒரு மூடி தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியது, விழுந்தேன். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் சட்டென்று பிரேக் பிடித்ததால் இதை எழுதுகிறேன். சாப்பாட்டுத் தூக்கு உருண்டு போய், மனைவி விடியற்காலையில் எழுந்து வைத்த புளிக்குழம்பு தார்ச்சாலையில் ஓடியது. முழங்கையைவிட அதுதான் அதிகம் வலித்தது.

எந்த நேரத்தில் கிளம்பினால் நல்லது? மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள்?

பேப்பர்க்காரர்:
தம்பி, தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கமே வேண்டாம். இருபது வருடமாகப் பேப்பர் போடுகிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு வந்து பாருங்கள், இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாரென்று தெரியும்: டீ கேன் கட்டியவர், இடியாப்பம் விற்பவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர், கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலப் பையன்கள். எட்டு மணிக்குள் எங்களில் பாதிப்பேர் சாலையில் இருக்க மாட்டோம். நீங்கள் ஏழுக்கே கிளம்பிவிடுங்கள். நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள். கதவு திறக்கும் அளவுக்கு இடம் விடுங்கள். பின் மட்கார்டில் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

புதுக்கோட்டைப் பெண்:
1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எங்கள் அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டார். பின்னால் என்னையும் முன்னால் தண்ணீர்க் குடத்தையும் வைத்து ஓட்டியவர். நான் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போனேன். சென்னைக்கு வந்த பிறகு ஒரே வாரம் ஓட்டினேன். பைக்கில் வந்த ஒருவன் வேண்டுமென்றே உரசிக்கொண்டு போனான். அத்தோடு சரி. ஓட்டத் தெரியாமல் நிறுத்தவில்லை அண்ணா. என்னைப்போல் எத்தனை பேர் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்களோ!

மாம்பலத்துக்காரர்:
சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. 2019-இல் எங்கள் பாண்டி பஜாரில் நடைபாதை அகலமானது, நடக்க நன்றாகவே இருக்கிறது. சைக்கிளுக்கு அப்படி ஓர் இடம் நான் தினமும் போகும் எந்தச் சாலையிலும் இல்லை. போதாததற்கு நடுத்தடுப்பை அடைத்துவிடுகிறார்கள். எதிரே இருக்கும் கடைக்குப் போக யூ திருப்பம் வரை மிதித்துத் திரும்ப வேண்டும். காருக்கு அது ஒரு நிமிடம், மிதிப்பவனுக்கு மூச்சு வாங்கும். எதிர்த்திசையில் வருகிறவர்களை நான் திட்டுவதை நிறுத்தியது இதனால்தான்.

லேத் பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். நாளை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன். அக்கா, நீங்கள் சொன்னதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். தனக்கும் ஓட்டத் தெரியும் என்று இன்றுதான் சொன்னாள்.