கபடி டீமில் கோச்சைத் தவிர இன்னொரு பொறுப்பான ஆள் வேண்டுமா, வேண்டாமா?

முதுநகர் அம்மா:
கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு 15 வயது. இரண்டு வருடமாக ஒரு உள்ளூர் டீமில் கபடி ஆடுகிறான். போன மாதம் 55 கிலோ பிரிவில் ஒரு போட்டி. அவன் எடை 57 கிலோ. முந்தின நாள் காலையில் இருந்து சோறு இல்லை, மதியத்துக்கு மேல் தண்ணீரும் இல்லை. ஜெர்சிக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக் கடற்கரை மணலில் ஓடவிட்டிருக்கிறார்கள். எடை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தான். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ராத்திரி மணி பதினொன்று.

கோச் கெட்டவர் இல்லை, காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். என்னை வருத்துவது வேறு. மதியமே அவனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. கோச்சிடம் சொன்னால் டீமில் இருந்து எடுத்துவிடுவார் என்று பயம். என்னிடம் சொன்னால் அனுப்பமாட்டேன் என்று பயம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆடும் எந்த டீமாக இருந்தாலும், பிள்ளைகள் நலனை மட்டும் பார்க்க, கோச் அல்லாத ஒருவர் வேண்டும். டீம் தேர்வில் அவருக்கு வேலை இருக்கக்கூடாது. அப்போதுதான் அவரிடம் சொன்னால் இடம் போகாது என்று பிள்ளை நம்பும். அப்புறம், வெளியூர் போட்டிக்குப் போனால் ஒரே ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு ராத்திரி தங்கக்கூடாது. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

22 வருஷ விசில்:
அம்மா, பையன் இப்போது நன்றாக இருக்கிறானா? எடைக்காக அவனைப் பட்டினி போட்டது தப்பு. அதில் எனக்கு வாதம் இல்லை.

ஆனால் தனி ஆள் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. தேவனாம்பட்டினம் பக்கம் 22 வருடமாக டீம் நடத்துகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகள் கடல் பக்கமே திரும்பாமல் இருந்தபோது, கோடு கிழித்து ஆடவிட்டு அவர்களைச் சிரிக்க வைத்தவர்கள் எங்களைப் போன்ற ஆட்கள்தான். எனக்கு உதவிக்கு வருகிறவர்கள் யார்? ஒருவர் கொத்தனார், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் பெயின்டர். ஆறு மணிக்கு வேலை முடித்துக் குளிக்காமல்கூட மைதானத்துக்கு வருகிறார்கள். தனி ஆள் என்று ஆரம்பித்தால் அடுத்து ரிஜிஸ்டர் எழுது, வழக்கு இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கொண்டுவா என்பார்கள். அப்படிக் கேட்டால் இவர்கள் நாளையில் இருந்து வரமாட்டார்கள். டீம் நின்றுவிட்டால் அந்தப் பசங்கள் சாயங்காலம் எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். பணம் வாங்கும் அகாடமிகள் ஒரு ஃபைலை வாங்கி அடுக்கி வைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். மூடப்போவது எங்களை மாதிரி டீம்தான்.

முன்னாள் ரெய்டர்:
மாஸ்டர், நானும் இந்தப் பக்கத்து மண்ணில் ஆடியவன்தான். இப்போது பிசியோதெரபி படிக்கிறேன். எடை விஷயத்தைத் 'தப்பு' என்று ஒரு வரியில் கடக்காதீர்கள், அதுதான் இங்கே முக்கியம்.

ஒரே நாளில் 57இல் இருந்து 55 என்றால் கொழுப்பா குறைகிறது? போவது தண்ணீர். உடம்பின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல். ரத்தம் குறைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்த்து உடம்பைக் குளிரவைக்கத் தண்ணீர் போதாமல் போகிறது. மழைக்கோட்டு வியர்வையைக் காயவும் விடாது. நாங்கள் ஆடும்போது எடை பார்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எச்சில் துப்பிக்கொண்டே இருப்போம். அதைப் பெருமையாக வேறு பேசுவோம். அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் ஏறக்குறைய ஒரே மாதத்தில் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடை போட்டு ஓடுவதைத் தடை செய்தார்கள், எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். சீசன் தொடக்கத்திலேயே ஒருவர் எவ்வளவு கீழே போகலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த 3 பேரின் கோச்சுகளும் பிள்ளைகளைக் கொல்ல நினைத்தவர்கள் இல்லை. கோச்சுக்குக் கப் வேண்டும், பையனுக்கு டீமில் இடம் வேண்டும். இரண்டு பேருக்கும் அவசரம். அந்த நேரத்தில் 'இன்றைக்கு இவன் ஆடவேண்டாம்' என்று சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும், மாஸ்டர்.

22 வருஷ விசில்:
தம்பி, படித்துவிட்டுச் சொல்கிறாய், கேட்டுக்கொள்கிறேன். இனி என் டீமில் மழைக்கோட்டு கிடையாது. எடை கூடினால் அடுத்த பிரிவில் ஆடட்டும்.

ஆனால் அம்மா கேட்பது அதோடு நிற்கவில்லையே. ராத்திரி தங்குவது, தனியாக இருப்பது என்று வரும்போது எல்லாக் கோச்சையும் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுகிறது. பிடிக்காதவன் ஒரு பிள்ளையைத் தூண்டிவிட்டுப் புகார் கொடுக்க வைத்தால் என் 22 வருடம் ஒரே நாளில் போய்விடும். சான்றிதழும் என்ன சொல்கிறது? இதுவரை வழக்கு இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். மாட்டாதவன் எல்லாம் நல்லவனா?

வில்லியனூர் தோழி:
நான் புதுச்சேரியில் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். சான்றிதழ் மட்டும் போதாது என்று மாஸ்டர் சொல்வது முழுக்கச் சரி. அதனால்தான் தனி ஆள் வேண்டும் என்கிறேன்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, அப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று பயப்படக் காரணம் இருந்தாலும், போலீசிடம் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. 'உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று எத்தனை ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி முடிப்பதே குற்றம். 2020 போக்சோ விதிகள் விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. பிள்ளைகளோடு பழகும் ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பும் பயிற்சியும் வேண்டும் என்கின்றன.

பொய்ப் புகார் பயமும் நியாயமானதுதான். கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்கு 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆனால் மாஸ்டர், எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இல்லாத கோச், எப்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்கும் கோச், அவர்மேல் யார் என்ன பொய் சொல்ல முடியும்? உங்களுக்கும் அதுதான் காப்பு.

இங்கிலாந்தில் இளையோர் டீம் உள்ள கால்பந்து கிளப் ஒவ்வொன்றிலும் ஒரு நலப் பொறுப்பாளர் இருந்தே ஆகவேண்டும். பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், பெற்றோர்கள். முன்பு அந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் நடந்த பாலியல் கொடுமைகளை 2016இல்தான் முன்னாள் வீரர்கள் வெளியே வந்து சொன்னார்கள். சிறுவர்களாக இருந்தபோது நடந்ததைச் சொல்ல நடுவயது ஆகிவிட்டது.

லாஸ்பேட்டை அப்பா:
என் மகள் ஓட்டப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தாள், திடீரென்று நிறுத்திவிட்டாள். படிப்புச் சுமை என்றாள், நம்பினோம். ஒரு வருடம் கழித்துத்தான் அவள் அம்மாவிடம் சொன்னாள், பயிற்சியில் உதவிக்கு இருந்த ஒருவன் ராத்திரி ராத்திரி மெசேஜ் அனுப்பியிருக்கிறான் என்று. குரூப்பில் மட்டும்தான் பேசவேண்டும், தனி மெசேஜ் கூடாது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், அவன் செய்தது தப்பு என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் தன்மேல்தான் தப்போ என்று நினைத்துக்கொண்டு இருந்தாள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

22 வருஷ விசில்:
லாஸ்பேட்டை சார், படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. பாப்பா மறுபடியும் ஓடவேண்டும்.

சரி, என் நிலைமையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா இருக்கிறார். பசங்கள் எல்லாருக்கும் சோறு போட்டவர், என்னையே அதட்டுவார். அவரைக் கேட்டுப் பார்க்கிறேன். அவர் நம்பரையும் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் ஷெட் சுவரில் பெரிதாக எழுதி வைக்கிறேன். தனி மெசேஜ் கிடையாது. வெளியூருக்கு இரண்டு பெற்றோராவது கூட வரவேண்டும், ஆனால் கூலி வேலையை விட்டு வருகிறவர்களின் வேன் செலவை யார் தருவது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

போலீஸ் சான்றிதழில் நான் இன்னும் மாறவில்லை. அகாடமி கேட்கட்டும். கோடு கிழித்து விசில் ஊதுகிற கொத்தனாரிடம் கேட்கமாட்டேன்.

வில்லியனூர் தோழி:
பிள்ளைக்கு அகாடமியும் ஒன்றுதான், கொத்தனார் டீமும் ஒன்றுதான் மாஸ்டர். அதில் நானும் மாறமாட்டேன். விண்ணப்பம் போடுவது அவர்களுக்குச் சிரமம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாருக்கும் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். அந்த அக்காவிடமும் அன்றைக்கே பேசுகிறேன்.

முதுநகர் அம்மா:
மகன் நன்றாக இருக்கிறான் மாஸ்டர். கேட்டதற்கு நன்றி. வேன் செலவுக்கு எங்கள் பக்கத்துப் பெற்றோர்களிடம் பேசுகிறேன். திரும்ப ஆடப் போகட்டுமா என்று தினமும் கேட்கிறான். 60 கிலோ பிரிவில் இடம் இருந்தால் உங்கள் டீமுக்கே அனுப்புகிறேன்.